பர்மாத் தமிழ்ப் பிள்ளைகள் ஏன் டைப் அடிப்பதில்லை?

"நாலு வரி டைப் அடிக்கக்கூடச் சோம்பலா?" எதற்கெடுத்தாலும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி இது. சோம்பல் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. 2019-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ், சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து சுமார் 37,000 பேர் கைப்பேசியில் டைப் அடிக்கும் வேகத்தை அளந்தார்கள். சராசரி, நிமிடத்துக்கு 36 சொற்கள். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள், நாற்பதுகளில் இருப்பவர்களைவிட நிமிடத்துக்குப் பத்துச் சொல் அளவுக்குக் கூடுதலாக அடித்தார்கள். ஆக, விரல் ஓடாமல் பிள்ளைகள் பேச ஆரம்பிக்கவில்லை. நன்றாக ஓடும் விரலை வைத்துக்கொண்டுதான் மைக் பொத்தானை அழுத்துகிறார்கள்.

அந்தச் சோதனையில் அடித்தது ஆங்கில வாக்கியங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எந்த எழுத்தில், யாருக்கு அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து விரலின் கதை மாறிவிடும். பர்மாவில் வளரும் ஒரு தமிழ்ப் பையனை எடுத்துக்கொள்வோம். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம். பர்மியத்தில் மளமளவென்று அடிப்பான். தமிழில் ஒரு வரி அடிக்கச் சொன்னால் திணறுவான். அவனைப் போன்ற பலருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஆனால் அப்பத்தாவிடமும், சிவகங்கைப் பக்கம் இருக்கும் சித்தப்பாவிடமும் தமிழில் தடையில்லாமல் பேசுவான். இந்தப் பையன் கையில் வாய்ஸ் மெசேஜ் வந்தபோது அவன் எதை விட்டான், எதைப் பிடித்தான் என்று பார்த்தால், சென்னைப் பிள்ளைகளின் கதையும் இவன் கதையும் ஒன்றல்ல என்பது புரியும்.

முதலில் வாய்ஸ் மெசேஜ் எப்படி இவ்வளவு பரவியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சீனாவில் வீசாட் செயலி 2011 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு மே மாதம் அதில் குரல் செய்தி சேர்ந்தது. சீன எழுத்தைச் சின்னத் திரையில் உள்ளிடுவது, குறிப்பாக வயதானவர்களுக்கு, பெரிய வேலை. பேசி அனுப்பும் வசதி அங்கே உடனே பிடித்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் இது 2013 ஆகஸ்டில் வந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக 700 கோடி குரல் செய்திகள் தங்கள் வழியாகப் போகின்றன என்று 2022 மார்ச்சில் அந்த நிறுவனமே சொன்னது. இதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை, மனிதப் பேச்சைத் தெளிவு கெடாமல் நொடிக்கு 16 கிலோபிட் அளவுக்குள் அடக்கிவிடும். அந்த அளவில் ஒரு நிமிடப் பேச்சு வெறும் 120 கிலோபைட். ஒரு சாதாரண போட்டோவைவிடச் சிறியது. இணைப்பு அறுந்தாலும் செய்தி போனிலேயே காத்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். நேரடி அழைப்புக்கு இந்தப் பொறுமை கிடையாது. இந்தக் கடைசிக் குணம் பர்மாவில் பிற்பாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு வருகிறேன்.

பர்மாவில் கைப்பேசி வந்த விதமே தனி. 2000-களில் அங்கே ஒரு சிம் கார்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில்தான் கைப்பேசி இருந்தது. அதே ஆண்டின் பிற்பாதியில் ஊரிடூ, டெலினார் என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து, 1,500 சாட்டுக்கு, அதாவது ஒன்றரை டாலர் அளவுக்கு, சிம்மை விற்றன. லேண்ட்லைன், மின்னஞ்சல், கம்ப்யூட்டர் எதையும் பார்க்காத குடும்பங்கள் நேராக ஸ்மார்ட்போனுக்குத் தாவின. பலருக்கு ஃபேஸ்புக்தான் இணையம்.

டைப் அடிப்பதில் அங்கே பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடில் பர்மிய எழுத்துக்கு 1999-லேயே இடம் கிடைத்து, 2008-இல் வந்த 5.1 பதிப்பில் அது சீரானது. ஆனால் அதற்கு முன்பே ஸோஜி என்ற எழுத்துரு நாடு முழுக்கப் பரவிவிட்டது. யூனிகோடின் இடங்களையே எடுத்துத் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொண்ட முறை அது. பர்மாவின் மற்ற மொழிகளான மோன், ஷான், கரேன் ஆகியவற்றுக்கு ஒதுக்கியிருந்த இடங்களில்கூட பர்மிய எழுத்தின் வடிவங்களைப் போட்டுவிட்டது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடில் திறந்து பார்த்த தமிழருக்கு இந்த அவதி புரியும். நம்மிடம் கோப்புகளோடு முடிந்த தொல்லை அங்கே ஒவ்வொரு செய்தியிலும் நடந்தது. ஒரு போனில் அடித்தது இன்னொரு போனில் புரியாத கிறுக்கலாகத் தெரிந்தது. 2019 அக்டோபர் 1-ஐ யூனிகோடுக்கு மாறும் நாளாக அரசு அறிவித்த பிறகுதான் நிலைமை மெல்லச் சரியானது. அந்த ஐந்தாறு வருஷமும் ஒரு தலைமுறை முதல் போனைக் கையில் வாங்கிய காலம். எழுதினால் போய்ச் சேருமா என்ற சந்தேகம் இருந்த இடத்தில், பேசினால் கட்டாயம் போய்ச் சேர்ந்தது.

இது எல்லாப் பர்மியப் பிள்ளைகளுக்கும் பொது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் ஒன்று இருந்தது, அதன் வேர் அறுபது வருஷத்துக்கு முந்தையது.

1931-இல் ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் தெலுங்கரும் தமிழரும் கணிசம். ஐராவதி டெல்டாவின் நெல்வயல்களில் இறங்கிய கூலிகள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், செட்டியார் கடைகளின் கணக்குப்பிள்ளைகள் என்று பல படிகளில் தமிழர் இருந்தார்கள். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே ஓடினார்கள்; வழியில் ஆயிரமாயிரம் பேர் செத்தார்கள். எஞ்சியவர்களும் திரும்பி வந்தவர்களும் மறுபடி ஊன்றினார்கள். 1962-இல் இராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மே 17-இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றானது. கடைகள் அரசுடைமையாகின. சுமார் மூன்று லட்சம் இந்தியர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். சென்னையின் பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும் அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் அடையாளம். தரைவழியாக மீண்டும் பர்மாவுக்குப் போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள்.

போனவர்களின் கதை தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. தங்கியவர்களுக்கு நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. பாடமொழி பர்மியம் ஆனது. அதற்குப் பிறகு தமிழ் எழுத்து வாழ்ந்தது கோயில் திண்ணைகளில், கோடை விடுமுறை வகுப்புகளில், சில ஊர்ப் பெரியவர்களின் பிடிவாதத்தில். ரங்கூன் அனோரத்தா சாலையில் இருக்கும் காளி கோயில் போன்ற இடங்களில் பூசையும் பாட்டும் நிற்கவில்லை. பெகூவிலும் தட்டோனிலும் மோல்மேனிலும் வீட்டுத் தமிழ் பேச்சாகத் தொடர்ந்தது. எழுத்து மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்தது. தாத்தா ஊருக்குக் கடிதம் எழுதினார். அப்பா வரும் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிள்ளை உறையின் மேல் இருந்த தபால்தலையைப் பார்த்தான். தாத்தா காலமானதும் பல குடும்பங்களில் கடிதப் போக்குவரத்தே நின்றுவிட்டது. சண்டை எதுவும் இல்லை, மனஸ்தாபம் இல்லை. எழுதப் படிக்க ஆளில்லாமல் போனதுதான் காரணம்.

மொரீஷியஸில் நிலைமை தலைகீழ். அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, பள்ளியில் தமிழ் ஒரு பாடம். வீட்டில் பேச்சு கிரியோல் என்ற உள்ளூர் மொழி. பர்மாவில் எழுத்துக்கு அரசு, பள்ளி எதன் ஆதரவும் இல்லை, பேச்சு மட்டும் வீட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் குரல் செய்தி என்ற ஒரே வசதி இந்த இரண்டு ஊரிலும் ஒரே விளைவைத் தராது.

சரி, தமிழ் எழுத்து தெரியாவிட்டால் என்ன, தெரிந்த எழுத்தில் தமிழை அடிக்கலாமே? தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வாழ்கிறார்கள் அல்லவா? பர்மாவிலும் சிலர் செய்கிறார்கள். ஆனால் நண்பர்களோடு நாள் முழுக்க அடிப்பது பர்மியம் என்பதால் ஆங்கில எழுத்தில் கை பழகுவது குறைவு. அப்புறம், பர்மிய எழுத்தில் தமிழ்? இதுதான் முதலில் தோன்றும் வழி, ஒலிகள் ஒத்துவராத வழியும் இதுதான். இன்றைய பர்மியப் பேச்சில் ரகர எழுத்தைப் பெரும்பாலும் யகரமாகவே ஒலிப்பார்கள். சொல்லின் இறுதியில் வரும் க், த், ப் எல்லாம் தொண்டையில் ஒரு சின்ன அடைப்பாக முடியும். ம், ன் இரண்டும் மூக்கொலியாகக் கரைந்துவிடும். ‘மரம்’ என்று பர்மிய எழுத்தில் அடித்தால், அதைப் பர்மியமாக வாசிப்பவர் வாயில் ‘மயன்’ மாதிரி ஏதோ வரும். ல, ள, ழ வேறுபாட்டுக்குப் பேச்சே வேண்டாம். எழுதியவனுக்கு மட்டும் புரியும் எழுத்து அது. எதிர்முனையில் இருக்கும் சிவகங்கைச் சித்தப்பாவுக்கோ பர்மிய எழுத்து வெறும் வட்டங்கள்.

ஆக, டைப் அடிக்கும் காலம் பர்மாத் தமிழ்ப் பிள்ளைகளைப் பர்மியத்துக்குள் தள்ளியது. அண்ணன் தங்கைகூட போனில் பர்மியத்தில்தான் அடித்துக்கொண்டார்கள், நேரில் தமிழில் பேசினாலும். திரைக்கு வெளியே ஒரு மொழி, திரைக்கு உள்ளே இன்னொன்று. வாய்ஸ் வந்து இந்தச் சுவரை உடைத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்: பர்மாவில் குரல் செய்தி தமிழ் எழுத்தின் இடத்தைப் பிடுங்கவில்லை. பிடுங்க அங்கே எழுத்தே இல்லை. அது பிடித்தது பர்மிய டைப்பிங்கின் இடத்தை. ஒரு பிள்ளை மைக்கை அழுத்தி, "அத்தே, சாப்டீங்களா? இங்க ஒரே மழை, கரண்டும் இல்ல" என்று அனுப்பும்போது, போனுக்குள் தமிழ் நுழைகிறது. முன்பு அது அங்கே இல்லை.

இதன் பலனைக் குடும்பங்களில் பார்க்கலாம். அறுபதுகளில் பிரிந்த அண்ணன் தம்பி வழி வந்த பேரப்பிள்ளைகள், ஒருவரையொருவர் பார்க்காமலே முறை சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். மாமா, அத்தை, மச்சான் என்று யாரை எப்படி அழைப்பது என்பதை ரங்கூன் பிள்ளை குரல் வழியே கற்றுக்கொள்கிறது. ஊர்க்காரர் காதில் விழும் பர்மாத் தமிழும் சுவாரஸ்யமானது: ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய ராமநாதபுரத்துப் பேச்சு நடுநடுவே பர்மியச் சொல் கலந்து வரும். "எங்க அப்பத்தா பேசின மாதிரியே பேசுறானே" என்று இந்தப் பக்கத்துக் கிழவி ஒருத்தி கண் கலங்கினால் அதில் ஆச்சரியமில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமித் குமாரும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லியும் செய்த ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பழைய நண்பரோடு மீண்டும் தொடர்புகொள்ளப் போனில் பேசுவதா, மின்னஞ்சல் அனுப்புவதா என்று கேட்டபோது, பேசினால் சங்கடமாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். பேசிய பிறகு பார்த்தால் சங்கடம் கூடவில்லை, நெருக்கம் கூடியிருந்தது. அது நேரடிப் பேச்சைப் பற்றிய ஆய்வு. குரல் செய்தியில் இன்னொரு சலுகை உண்டு: தடுமாறினால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். தன் தமிழ் சரியில்லையோ என்று கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய துணை. நேரடி அழைப்பில் உறவினர் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். இதில் இரண்டு மூன்று முறை பேசிப் பார்த்து, நன்றாக வந்ததை அனுப்பலாம். மொழி வகுப்பில் கிடைக்காத பயிற்சி இது.

2021 பிப்ரவரி 1 இராணுவப் புரட்சிக்குப் பிறகு இந்தப் பழக்கம் வேறு காரணங்களாலும் இறுகியது. பிப்ரவரி 4-இல் ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. அதோடு மெசஞ்சரும் போனது. அந்த மாத நடுவிலிருந்து இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை இணையமே இல்லை. அடுத்த ஆண்டு இணையக் கட்டணத்தின் மீதும் புதிய சிம் மீதும் வரி ஏறியது. 2024 மே மாதக் கடைசியிலிருந்து தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலிகளையும் அடைத்தார்கள். மின்வெட்டு தனிக்கதை. கரண்ட் இருக்கும் கொஞ்ச நேரத்தில் போனைச் சார்ஜ் போட்டு, டவர் வேலை செய்யும்போது செய்திகளை இறக்கிக் கேட்டு, பதில் பேசி வைத்தால், அடுத்த முறை இணைப்பு வரும்போது அது போய்விடும். முன்னே சொன்ன பொறுமை இதுதான். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவிப்பு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27 வயது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக்கு ஓடிய இளைஞர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. மலேசியாவில் ஒரு தமிழ் உணவகத்தில் வேலை பார்க்கும் பையனுக்கு, பர்மாவில் இருக்கும் அம்மாவோடு நேரம் ஒத்துவராது. இரவு வேலை முடிந்து அவன் பேசி அனுப்புவதை அம்மா காலையில் கேட்பார்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சோதனைச் சாவடிகளில் போனை வாங்கிப் பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. எழுத்தை ஒரு பார்வையில் படித்துவிடலாம், குரலைப் படிக்க முடியாது, அதனால் வாய்ஸ் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது அரை உண்மை. எழுதியது யார் என்று மறுக்கலாம். குரலை மறுப்பது கடினம். அரசியல் பேச்சுக்கு வாய்ஸைக் கவசமாக நம்புவது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

வாய்ஸ் மெசேஜால் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அனுப்புபவரின் நேரத்தை அது மிச்சப்படுத்தி, கேட்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்று நிமிடப் பேச்சுக்குள் ஒரு விலாசமும் ஒரு தொகையும் இருந்தால், அதைத் தேடி எடுக்க முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும். பஸ்ஸில், வகுப்பில் கேட்க முடியாது. வாட்ஸ்அப் 2021-இல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதியைக் கொண்டுவந்தது. கொஞ்சம் உதவுகிறது, ஆனால் வயதானவர்களின் பேச்சை வேகமாக ஓட்டினால் பாதி புரியாது. 2024 நவம்பரில் குரலை எழுத்தாக்கும் வசதியை அறிவித்தபோது, ஆண்ட்ராய்டில் முதலில் கிடைத்தது ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன். தமிழும் பர்மியமும் அந்தப் பட்டியலில் இல்லை. நாளை தமிழ் வந்தாலும், ஒரே வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி பர்மியமுமாக வரும் பேச்சை அந்தக் கருவி பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டில் ஒரு மொழிதான் அதற்குத் தெரியும்.

எனக்குப் பெரிதாகப்படும் இழப்பு வேறு. குரல் செய்திகள் தங்குவதில்லை. போன் உடைந்தால், செயலியை அழித்தால், நம்பர் மாறினால் அத்தனையும் போய்விடுகிறது. தாத்தாவின் கடிதங்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, வாசிக்கத்தான் ஆளில்லை. பேரனின் காலத்துக் குரல்களைக் கேட்க ஆள் இருக்கும், குரல்தான் இருக்காது. பர்மாத் தமிழ்ப் பேச்சு பாடநூல்களில் ஏறாத பேச்சு. அதன் பதிவு என்று நாளை எதையாவது காட்ட முடிந்தால், அது இந்தப் பிள்ளைகளும் அவர்களின் பாட்டிமாரும் அனுப்பிக்கொண்ட செய்திகளாகத்தான் இருக்கும்.

எழுத்தையும் விட்டுவிட முடியாது. கோயில் பதிகத்தைப் படிக்க, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க, தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்க எழுத்து வேண்டும். பர்மாவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மார்ச் முதல் மே வரை. தமிழ் வகுப்புகள் நடப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். அங்கே அரிச்சுவடியை மனப்பாடம் செய்ய வைப்பதோடு, பிள்ளையின் போனில் ஏற்கனவே இருக்கும் தமிழையும் ஆசிரியர்கள் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். அத்தை அனுப்பிய இருபது நொடிப் பேச்சைக் கேட்டு, அதைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னால் போதும். அர்த்தம் முன்பே தெரிந்த வாக்கியம், தெரிந்த குரல், தெரிந்த ஆள். அத்தை சொன்னதை எழுதிய பிள்ளை, அடுத்ததாகத் தன் பதிலையும் எழுதிப் பார்க்க ஆசைப்படும். அந்த எழுத்தைப் போட்டோ எடுத்து அத்தைக்கே அனுப்பினால், திருத்தம் குரலாகவே திரும்பி வரும்.

குரல்களைச் சேமிக்கவும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. குடும்பத்தில் போன் நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளை, முக்கியமான செய்திகளைச் செயலியிலிருந்து வெளியே எடுத்து, மெமரி கார்டு ஒன்றிலும், நாட்டுக்கு வெளியே இருக்கும் உறவினர் ஒருவரிடமும் வைத்தால் போதும். கோப்பின் பெயரிலேயே பேசியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் போட வேண்டும். அரசியல் பேச்சு எதுவும் கலந்திருந்தால் அதை மட்டும் பர்மாவில் இருக்கும் போனில் வைக்கக் கூடாது.